‘நான் படிச்சுச் சொல்றேன் அண்ணே’: ராயபுரத்து அலுவலகம் ஒன்றில் கோப்புகள் மாறிய விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

கல்மண்டபத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களுக்குச் சுங்கத் துறை கிளியரன்ஸ் வாங்கி, லாரி பிடித்து, மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளுக்கோ நேராகக் கம்பெனிகளுக்கோ அனுப்பிவைப்பது எங்கள் வேலை. மொத்தம் 14 பேர். நான் டாக்குமென்டேஷன் பிரிவில் 11 ஆண்டாக இருக்கிறேன். நாங்கள் தினமும் தயாரிக்கும் எக்செல், வேர்டு, பிடிஎஃப் கோப்புகளை, பார்வை இழந்த ஒரு சக ஊழியர் தானாகவே படிக்கும்படி மாற்றியதைப் பற்றித்தான் இந்த ஆய்வு. எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்று முடிந்தவரை நேராகச் சொல்கிறேன். இதே நிலையில் உள்ள இன்னோர் அலுவலகத்துக்குப் பயன்பட வேண்டும் என்பதே என் ஆசை.

அண்ணன்

எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. லாரி டிரைவர்களிடம் பேசி வண்டி ஏற்பாடு செய்யும் மூவ்மென்ட் பிரிவு அவர் பொறுப்பு. எண்ணூர் நெடுஞ்சாலையில் எந்த நேரத்தில் வரிசை எங்கே வரை நிற்கும், எந்த யார்டில் எத்தனை மணிக்கு கேட் மூடுவார்கள், எந்த டிரைவர் ராத்திரி வண்டி எடுக்க மாட்டார், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த அறிவைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

அவருக்கு வந்தது க்ளாக்கோமா. கண்ணின் உள்ளழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் நோய். பெரும்பாலும் முதலில் ஓரப் பார்வை போகும். நேரே இருப்பது தெரிகிறதே என்று ஆள் அசட்டையாக இருந்துவிடுவார். அண்ணனும் அப்படித்தான் இருந்துவிட்டார். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு, 1819-இல் தொடங்கிய அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு, அவர் போனபோது நோய் முற்றியிருந்தது. சொட்டு மருந்தும் அறுவை சிகிச்சையும் மிச்சத்தைக் காக்கும், போனதைத் திருப்பித் தராது. இன்று அவருக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். எழுத்து தெரியாது.

ஆனால் மனிதர் உட்கார்ந்துவிடவில்லை. திருவொற்றியூர் தேரடியிலிருந்து மெட்ரோ பிடித்து வண்ணாரப்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வருகிறார். கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைக் கற்றுக்கொண்டார். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் இலவச மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் 2006-இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொரு நிரலாளரோடு சேர்ந்து வளர்த்தது. தமிழும் வாசிக்கும். நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து விசைகளைப் பழகினார். தன் பங்குக்கு அவர் தயாராகிவிட்டார். எங்கள் கோப்புகள்தான் தயாராக இல்லை.

அன்பே குறுக்கே நின்றது

இந்த ஆய்வில் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். அலுவலகத்தில் அவரை அலட்சியப்படுத்தியவர் யாருமில்லை. எல்லாருமே உதவினார்கள். ஒரு கோப்பு அவருக்குத் திறக்கவில்லையா, பக்கத்து நாற்காலியிலிருந்து உடனே குரல் வரும்: “இருங்கண்ணே, நான் படிச்சுச் சொல்றேன்.” அதிலும் கணக்குப் பிரிவு அக்கா தினமும் காலை பத்தரை மணிக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அன்றைய ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டுவார். சொந்தத் தங்கை செய்வது போலச் செய்தார். இரண்டு ஆண்டு செய்தார்.

யாராவது ஒருவர் வாசித்துவிடுகிறார் என்பதால், அந்தக் கோப்பு ஏன் அவருக்கு எட்டவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2025 பொங்கல் முடிந்த வாரம். அக்கா ஊரிலிருந்து திரும்பவில்லை. டெய்லி ஸ்டேட்டஸ் வழக்கம்போல மெயிலில் வந்தது. அந்த ஷீட்டில், ஃப்ரீ டே முடியப்போகும் கண்டெய்னர்கள் சிவப்பு வரியாக இருக்கும். ஃப்ரீ டே என்பது ஷிப்பிங் லைன் கட்டணமில்லாமல் விட்டுவைக்கும் நாட்கள். அது கடந்தால் நாளுக்கு இவ்வளவு என்று டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறும். அண்ணனுடைய ஸ்கிரீன் ரீடர் எண்களை வாசித்தது, நிறத்தை வாசிக்கவில்லை. நிறத்தையும் சொல்ல வைக்க அதில் வழியுண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் சொல்ல ஆரம்பித்தால் நூறு வரி ஷீட்டைக் கேட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிடும். நினைவில் இருந்த வரிசைப்படி அவர் வண்டி அனுப்பினார். சிவப்பு வரியில் இருந்த இரண்டு கண்டெய்னர்கள் யார்டிலேயே நின்றுவிட்டன. கம்பெனி டிடென்ஷன் கட்டியது.

யாரும் அவரைத் திட்டவில்லை. “பரவாயில்லண்ணே, விடுங்க” என்றார்கள். அன்று சாயங்காலம் மாடிப்படியில் என்னிடம் சொன்னார்: “திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்மா. பரவாயில்லன்னு சொன்னா, என்கிட்ட இனிமே எதிர்பார்க்கலன்னு அர்த்தம்.”

அப்புறமும் சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சுற்றறிக்கை, பயிற்சி

மே மாதம் மேலாளரிடம் பேசினேன். நல்ல மனிதர், உடனே ஒரு சுற்றறிக்கை எழுதினார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தைக் குறிப்பிட்டார். அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும், 2025 ஏப்ரல் 30-இல் டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று அதே நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தார். கீழே 12 விதிகள். தலைப்புக்கு வேர்டில் உள்ள தலைப்பு ஸ்டைலைப் பயன்படுத்தவும், படத்துக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து) தரவும், எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5-க்கு 1 இருக்கவும் என்று எல்லாமே சரியான விதிகள்.

எல்லாரும் “நோட்டட் சார்” என்று பதில் போட்டார்கள். மறுநாள் அதே ஷீட் அதே சிவப்போடு வந்தது. இதில் வஞ்சம் எதுவும் இல்லை. தினம் அறுபது எழுபது கண்டெய்னரோடு மல்லுக்கட்டுகிற ஒருவருக்கு, 12 விதியில் எது தன் கோப்புக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. சட்டத்தை மதிக்காதவள் அல்ல நான். முதலாளி ‘இதுக்கு ஏன் நேரம் செலவு பண்றீங்க’ என்று கேட்டால் சட்டம்தான் நமக்குத் துணை நிற்கும். பக்கத்து மேசைக்காரரின் கை மாறுவதற்கு அது போதவில்லை.

ஜூனில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரப் பயிற்சி வைத்தோம். வெளியிலிருந்து வந்தவர் விஷயம் தெரிந்தவர். ஆனால் அவர் காட்டிய உதாரணங்கள் பூ, மலை, கல்லூரி விளம்பரம். எங்கள் வேலையில் படமே கிடையாது, எல்லாம் அட்டவணை. பயிற்சி முடிந்ததும் நம் ஆட்கள் செய்த ஒரே மாற்றம், லெட்டர்ஹெட்டில் உள்ள லோகோவுக்கு ‘லோகோ’ என்று மாற்று உரை எழுதியதுதான். மெனக்கெட்டு, ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினார்கள். முன்பு லோகோ வரும் இடத்தில் ‘கிராஃபிக்’ என்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், இப்போது ‘கிராஃபிக் லோகோ’ என்று கேட்டார். மனசு இருக்கிறது, அது சரியான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில்

ஜூலையில் ஒருநாள் மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு அண்ணன் தானாகவே சொன்னார்: “இயர்ஃபோனைக் கழட்டிடறேன். நான் கேக்கறதை நீங்களும் கேளுங்க.” ஸ்டேட்டஸ் ஷீட்டைத் திறந்து ஸ்பீக்கரில் விட்டார்.

அந்த ஷீட்டின் மேலே கம்பெனி பெயர், எட்டு நெடுவரிசைகளை ஒன்றாக இணைத்த ஒரே கட்டத்தில். அடுத்து அழகுக்காக ஒரு காலி வரி. அப்புறம் இரண்டு அடுக்கில் தலைப்புகள், அவற்றிலும் இணைத்த கட்டங்கள். கண்ணுக்குப் பார்க்கப் பாந்தமாக இருக்கும். குரலில் அது இப்படி வந்தது: கம்பெனி பெயர், ‘ஏ ஒன்று முதல் ஹெச் ஒன்று வரை’. அப்புறம் ‘ஏ இரண்டு’, ‘பி இரண்டு’, ‘சி இரண்டு’ என்று காலிக் கட்டத்துக்கெல்லாம் முகவரி மட்டும். பிறகு தலைப்பு எது, தகவல் எது என்று தெரியாமல் தேதிகள் கொட்டின. 14-07, 18-07, 21-07. எது வந்திறங்கிய தேதி, எது ஃப்ரீ டே முடியும் தேதி? அண்ணன் மேலே ஏறி, தலைப்பைக் கேட்டு, எண்ணிக்கொண்டே கீழே இறங்கிக் காட்டினார். ஒரு தேதிக்கு ஒன்பது தடவை அம்பு விசையை அழுத்தினார்.

அந்த ஷீட்டைத் தயாரிப்பது ஆபரேஷன்ஸில் உள்ள தம்பி. கையில் டிபன் டப்பாவோடு நின்றவன் சொன்னான்: “அண்ணே, நான் அனுப்பினது இப்படியா வந்துச்சு?”

மறுநாளே அவன் ஷீட்டைத் திருத்திவிட்டான். எல்லாரும் நெகிழ்ந்துபோனோம். ஆனால் பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. அவன் லீவு போட்ட அன்று இன்னொருவர் பழைய கோப்பை நகலெடுத்து எழுத, அதுவே தொடர்ந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்கிரீன் ரீடரைக் காதால் கேட்க வைத்தால் போதும், எல்லாரும் மாறிவிடுவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க வைப்பது கதவைத் திறக்கும். திறந்த கதவு மூடாமல் இருக்க அடியில் ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும்.

மாதிரிக் கோப்பு

எங்கள் அலுவலகத்தில் யாரும் கோப்பைப் புதிதாக உருவாக்குவதில்லை. நேற்றையதைத் திறந்து, சேவ் அஸ் கொடுத்து, தேதியை மாற்றுவார்கள். அப்படியானால் திருத்த வேண்டியது 14 பேரை அல்ல, அவர்கள் நகலெடுக்கும் அந்த ஒரு கோப்பைத்தான். ஸ்டேட்டஸ் ஷீட், டிரைவர்களுக்கான அறிவிப்பு, வாடிக்கையாளர் கடிதம், பில் பட்டியல், சம்பளச் சீட்டு என்று ஐந்து மாதிரிகளைப் பொதுக் கோப்புறையில் வைத்தோம். பழையவற்றை அங்கிருந்து எடுத்துவிட்டோம்.

ஸ்டேட்டஸ் ஷீட்டில் செய்தது இவ்வளவுதான்: கம்பெனி பெயரை ஷீட் பெயராக்கினோம், காலி வரியை நீக்கினோம், தலைப்பு ஒரே அடுக்கில் முதல் வரியில் வந்தது, இணைத்த கட்டம் ஒன்றுகூட இல்லை. ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தோம். அதில் ‘அவசரம்’, ‘போகலாம்’, ‘கிளியர் ஆகவில்லை’ என்று மூன்றில் ஒன்று வரும். ‘அவசரம்’ என்று எழுதினால் வரி தானே சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டோம்.

அந்தக் கடைசி விஷயம்தான் தம்பியைச் சம்மதிக்க வைத்தது. “சிவப்பு போயிடுமா அக்கா? எனக்கு அதைப் பார்த்தாத்தான் வேலை ஓடும்” என்று கேட்டிருந்தான். போகாது என்றேன். கண்ணால் வேலை செய்கிறவனுக்கு நிறம் உண்மையிலேயே உதவி. அதைப் பறித்துக்கொண்டு இன்னொருவருக்கு வசதி செய்தால் உள்ளுக்குள் ஒரு கசப்பு தங்கும். நிறமும் இருக்கட்டும், அதன் பொருள் எழுத்திலும் இருக்கட்டும் என்றதும் பேச்சு முடிந்தது.

பிடிஎஃப் விஷயம் இன்னும் சின்னது. நாங்கள் எல்லாரும் பிரின்ட் கொடுத்து, பிரின்டருக்குப் பதிலாக பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுப்போம். அப்படிச் செய்தால் வேர்டில் நாம் குறித்த தலைப்பு, அட்டவணை அமைப்பெல்லாம் உதிர்ந்துவிடும். சேவ் அஸ் வழியாக பிடிஎஃப் ஆக்கினால் அமைப்பு கூடவே போகும். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான். இதை ஒவ்வொருவர் மேசைக்கும் போய், அவருடைய சொந்தக் கோப்பிலேயே ஒருமுறை செய்து காட்டினேன். கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஒருவருக்கு ஒரு வாரத்தில் ஒரு விஷயம், அதற்கு மேல் கேட்கவில்லை.

டைப்பிஸ்ட் அம்மா

டிரைவர்களுக்கும் லோடு ஆட்களுக்கும் போகும் தமிழ் அறிவிப்புகளை எங்கள் டைப்பிஸ்ட் அம்மா பாமினி எழுத்துருவில் அடிப்பார். திரையில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்: ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகின்றன. ஸ்கிரீன் ரீடர் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே உள்ளதை வாசிக்கும். தாய்மொழியில் வந்த அறிவிப்பு அண்ணனுக்கு ‘ஜே கே பி ஓ’ என்று கேட்டது. வேர்டில் உள்ள அணுகல் சரிபார்ப்பும் இதைக் குறையாகக் காட்டாது. அதைப் பொறுத்தவரை அங்கே எழுத்து இருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. அப்படியும் அச்சகங்களிலும் சின்ன அலுவலகங்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. எங்கள் அம்மாவிடம் யூனிகோடு என்றதுமே முகம் மாறிவிட்டது. “முப்பது வருஷமா இந்த விரலு ஓடுது. இப்போ போய்ப் புதுசா கத்துக்கச் சொல்றியேம்மா?” அவர் பயம் நியாயமானது. அவருடைய வேகம்தான் அவருடைய மரியாதை.

என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினி விசைப்பலகையும் இருக்கிறது, பழைய தட்டச்சு விசைப்பலகையும் இருக்கிறது. இ-கலப்பை என்ற மென்பொருளிலும் உண்டு. பழகிய இடத்திலேயே விரல் அடிக்கும், உள்ளே மட்டும் யூனிகோடாகப் போய் விழும். அவர் கம்ப்யூட்டரில் நிறுவிக் கொடுத்துவிட்டு, ‘வழக்கம்போல அடிங்கம்மா’ என்று மட்டும் சொன்னேன். ஒரு பக்கம் அடித்தார். அண்ணனைக் கூப்பிட்டோம். “டிரைவர்கள் கவனத்திற்கு” என்று ஸ்கிரீன் ரீடர் அந்த இயந்திரத் தமிழில் வாசித்ததும் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பழைய கோப்புகளையெல்லாம் எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாட்ஸ்அப் போட்டோ

எங்கள் தொழிலில் பாதி, வாட்ஸ்அப்பில் நடக்கிறது. டிரைவர் கண்டெய்னர் கதவைப் படமெடுத்து அனுப்புவார், கேட் பாஸைப் படமெடுத்து அனுப்புவார். டிரைவர்களை மாற்ற முடியாது, வெயிலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர்கள் அதைச் செய்வதே பெரிய விஷயம். ஆனால் அந்தப் படத்தை அலுவலகக் குழுவில் பகிர்கிறவர் கீழே ஒரு வரி தட்டலாம்: கண்டெய்னர் எண், இடம், நேரம். இதற்கு மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. முணுமுணுப்பை அடக்கியது என் பேச்சல்ல. ஒரு மாதம் கழித்து, பழைய கண்டெய்னர் ஒன்றைப் பற்றி வாடிக்கையாளர் கேட்டபோது, தம்பி எண்ணை வாட்ஸ்அப்பில் தேடினான், உடனே கிடைத்தது. அதுவரை படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடுவோம்.

இன்னொன்றும் நடந்தது. கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். ஏழாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது, மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. எண் எழுத்தாக வந்ததால் மாதிரிக் கோப்பிலேயே ஒரு ஃபார்முலா போட முடிந்தது. மூன்றை எட்டாகப் படித்து அடித்தால் ‘எண் தவறு’ என்று பக்கத்துக் கட்டத்தில் வரும்.

எல்லாம் சுமுகமாகப் போனதாக நினைக்க வேண்டாம். அந்த ஏழு இலக்கத்தை ஸ்கிரீன் ரீடர் ஒரே எண்ணாக, லட்சக் கணக்கில் வாசிக்கிறது. நடுவே இடைவெளி விட்டால் கேட்கச் சுகம், ஆனால் தேடினால் கிடைக்காது. இரண்டு வாரம் விவாதித்தோம். இடைவெளி வேண்டாம், தேவைப்படும்போது நான் எழுத்தெழுத்தாகக் கேட்டுக்கொள்கிறேன் என்று அண்ணனே முடிவு சொன்னார்.

அக்கா

மிகக் கடினமான பேச்சு கணக்குப் பிரிவு அக்காவுடன்தான். “இனிமே யாரும் படிச்சுக் காட்ட வேண்டாம். ஒரு கோப்பு அவருக்கு வாசிக்கலைன்னா, அதைத் திருத்தி மறுபடி அனுப்பிடலாம்” என்று நாங்கள் முடிவெடுத்த அன்று அக்கா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நான் அவரைச் சுமைன்னு நினைச்சேன்னு நினைச்சுட்டீங்களா?” குரல் தழுதழுத்தது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவரே எழுந்து அக்காவின் மேசைக்குப் போனார். நான் கூடவே நின்றேன், அதனால் அப்படியே எழுத முடிகிறது. “நீ படிக்கும்போது உன் வேகத்துல நான் கேக்கணும்மா. எனக்கு எது வேணும், எதைத் தாண்டணும்னு எனக்குத்தானே தெரியும்? முழுசா படிக்கிற உன்னை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. ரெண்டு வருஷமா வேண்டாததையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “என் சம்பளச் சீட்டையும் நீதான் படிக்கிற. லோன் பிடித்தம் எவ்வளவுன்னு நீ சொல்றது பக்கத்து ரூமுக்குக் கேக்குது.”

அக்காவுக்கு அது தோன்றியதே இல்லை. எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. சம்பள மென்பொருள் ஒழுங்கான பிடிஎஃப் தருகிறது. அக்கா அதைத் திரையில் படமெடுத்து, அந்தப் படத்தை மெயிலில் ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் திறக்காமலேயே தெரியட்டும் என்ற நல்லெண்ணம். அந்த மாதத்திலிருந்து பிடிஎஃப்பையே அனுப்புகிறார். பத்தரை மணிக்கு நாற்காலியை இழுத்துப் போடுவது மட்டும் நிற்கவில்லை. இப்போது அந்த நேரத்தில் டீ வருகிறது, இருவரும் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

யார் கேட்பது?

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொடக்கத்தில், வாசிக்க முடியாத கோப்பு வந்தால் அண்ணனே அனுப்பியவருக்குப் போன் செய்து சொல்லட்டும் என்று ஏற்பாடு. அது தவறான ஏற்பாடு. ஒரு நாளைக்கு நான்கு பேரிடம் ‘எனக்கு இது வாசிக்கலை’ என்று சொல்வது எந்த மனிதருக்கும் உடம்பு கூசும். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டார், கோப்புகள் சரியாகிவிட்டன என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பிறகு அந்தப் பொறுப்பை நானும் தம்பியும் மாறி மாறி எடுத்தோம். வெள்ளிக்கிழமை மாலை அந்த வாரக் கோப்புகளில் ஐந்தை என்விடிஏவில் நாங்களே திறந்து கேட்போம். குறை இருந்தால் அனுப்பியவரின் மேசைக்குப் போய், எதிரிலேயே சேர்ந்து திருத்துவோம். மெயிலில் எழுதமாட்டோம், மற்றவர்களுக்குக் காப்பி போடமாட்டோம்.

எங்கள் கைக்கு எட்டாதவை இன்னும் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் டெலிவரி ஆர்டர்கள் (கண்டெய்னரை விடுவிக்கச் சொல்லும் ஆவணங்கள்) சில, ஸ்கேன் செய்த படங்களாகவே வருகின்றன. அவற்றை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்தாக மாற்றுகிறோம். அச்செழுத்து ஓரளவு தேறுகிறது. முத்திரை விழுந்த இடமும் கையெழுத்தும் தேறுவதில்லை. அதை இன்றும் ஒருவர் வாசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பில்லிங்கில் ஒருவர் இன்னமும் பிரின்ட் வழியாகவே பிடிஎஃப் ஆக்குகிறார். அவர் மேசைக்கு நான் ஆறு முறை போய்விட்டேன், ஏழாவது முறையும் போவேன்.

செப்டம்பர் மாதச் சம்பளம் வந்த அன்று, மதியம் மூன்று மணி இருக்கும். அண்ணன் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் விசையை அழுத்துவதும் நிறுத்துவதுமாக இருந்தார். பிறகு இயர்ஃபோனைக் கழற்றி, அக்காவின் மேசைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“ஏம்மா, தொழில் வரி இந்த மாசமா பிடிச்சிருக்கே?”

“ஆமாண்ணே, அரையாண்டு வரி. அடுத்து மார்ச்சுலதான்.”

“சரி, சரி” என்றவர், இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு மறுபடி வாசிக்கப் போய்விட்டார்.